பலகைக்கும் அம்மாவுக்கும் நடுவில்

படம் வரைகிறவர் உடம்பு நோகாமல் எப்படி உட்கார வேண்டும் என்கிற விஷயத்தில் என் அப்பாவை மிஞ்ச மதுரையில் ஆள் கிடையாது. இத்தனைக்கும் அவருக்கு ஒரு மாங்காய் வரையத் தெரியாது. பரவைப் பக்கம் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்தார். மனுஷ உடம்பும் மெஷின்தான், எங்கே வலிக்கிறதோ அங்கே ஏதோ லெவல் தப்பியிருக்கிறது என்பது அவர் கட்சி. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, ஸ்டீல் டேப் இருக்கும். என் உயரம், எதிர்வீட்டு ஜன்னல், தோசைக்கல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அளந்து, அளவை வாய்விட்டுச் சொல்லி, தலையை ஆட்டிக்கொள்வார். அளந்து என்ன செய்தார் என்று கேட்டால் பதில் இருக்காது.

படம் வரைகிறவள் அம்மா. பள்ளிக்கூடம் படித்த காலத்தில் அவள் தெருப் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டுகளில் இருந்த தவளையும் செம்பருத்தியும் அவள் கைவண்ணம் என்று சொல்வார்கள். நான் பிறந்த பிறகு அவள் கையில் கரண்டியைப் பார்த்திருக்கிறேன், குடத்தைப் பார்த்திருக்கிறேன், பென்சிலைப் பார்த்ததில்லை. தொண்ணூறுகளின் நடுவில், நான் மூன்றாம் வகுப்பு முடிக்கிற வருஷம், பங்குனி மாதத்தில் அவள் இரண்டாவது பிரசவத்துக்குப் போனாள். வில்லாபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலுக்கு ஆட்டோ வந்தது. கையில் பையும் துணிமூட்டையுமாகப் போனவள், பத்து நாள் போல கழித்துத் திரும்பி வந்தபோது கையில் ஒன்றுமில்லை. மூட்டையைக்கூட அப்பாதான் தூக்கிவந்தார்.

"புள்ள தங்கல" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அப்பா சொன்னார். எனக்கு அதற்கு மேல் ஒரு விவரமும் கிடைக்கவில்லை. தம்பியா தங்கச்சியா என்றுகூட யாரும் சொல்லவில்லை. தங்காமல் எங்கே போனது என்று கேட்டேன். போய் விளையாடு என்றார்கள்.

அம்மா தானாகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பது வேறு, அது எனக்குப் பழக்கம். இது அப்படியில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், சோறு போடுவாள், ஜடை பின்னுவாள், ஆனால் வீட்டில் யாரும் இல்லாதது போல இருக்கும். மனசுக்குப் பிடித்ததாக ஏதாவது செய்யச் சொல்லுங்கள் என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா அப்பாவிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். என்ன வேண்டும் என்று அப்பா கேட்டார். பேப்பரும் பென்சிலும் என்றாள் அம்மா. அவர் அன்றைக்கே கீழவாசல் போய் ஒரு கட்டு வெள்ளைத்தாளும் ஒரு டப்பா பென்சிலும் வாங்கிவந்துவிட்டார்.

தாளும் பென்சிலும் வந்தன, உடம்பு வரவில்லை. வயிற்றைக் கிழித்துத் தைத்திருந்தார்கள். தரையில் உட்கார்ந்தால் தையல் இழுத்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போனது. மேஜை உயரம், கழுத்து வலித்தது. கொஞ்ச நேரம் கோடு இழுத்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள். இது போதாதா அப்பாவுக்கு? துணி தேய்க்கிற பலகையைச் சாய்மானமாக நிற்கவைக்கக் கீல் போட்டார். இடுப்புக்குச் சைக்கிள் டியூபில் காற்றடித்து வளையம் செய்தார். காலுக்குச் செங்கல், முதுகுக்குப் பழைய சேலையில் பஞ்சு திணித்த உருளை, கைமுட்டிக்குத் தலையணை உறையில் உமி. இத்தனைக்கும் நடுவே அம்மா, கொலுவில் வைத்த பொம்மையாக உட்கார்ந்திருப்பாள். "எப்படி இருக்கு?" என்பார். "நல்லாருக்கு" என்பாள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனதும் ஒவ்வொன்றாக உருவி ஓரத்தில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்காருவாள்.

பள்ளிக்கூடம் கோடை லீவு விட்டதும் பெரியம்மா வந்து எங்களைத் தன் ஊரான கீழக்குயில்குடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பெரியம்மா அம்மாவுக்கு மூத்தவள், மூன்று பிள்ளை பெற்று எல்லாவற்றையும் கரையேற்றியவள், பேச்சும் காரியமும் சத்தமாகத்தான் இருக்கும். அந்தச் சித்திரையில் அழகரைப் பார்க்கக்கூட எங்களை அழைத்துப் போகவில்லை. தீட்டு என்றாள். எனக்கு அதில் ரொம்ப வருத்தம்.

அங்கே வந்த முதல் நாளே எனக்குப் புரியாத ஒரு காரியம் நடந்தது. பெரியம்மா பந்து பந்தாக மல்லிகைப்பூ வாங்கிவந்தாள். என் ஜடைக்குத்தான் என்று ஆசையாகப் போய் நின்றேன். அம்மாவை உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது அம்மா தலையில் ஒரு மொட்டுகூட இல்லை. ஆனால் வாசனை மட்டும் ஆளை அடித்தது. அம்மா குளிக்கப் போனபோது எட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். பூச்சரத்தை ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. காலையில் ஒரு சரம், சாயந்திரம் ஒரு சரம். "ஏன் பெரியம்மா பூவை அங்கிட்டு வைக்கிற?" என்று கேட்டேன். "சூட்டுக்குத்தான். நீ போயி ஆடு வந்துருச்சான்னு பாரு" என்றாள்.

வீட்டில் எந்நேரமும் டிவியும் சண்டையுமாக இருக்கும். அதனால் ஒரு நாள் காலையில் அம்மா பலகையையும் தாளையும் எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போகலாமா என்று என்னைக் கேட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது. வயிற்றைக் கிழித்த உடம்பு மலையேறலாமா என்று பெரியம்மா சத்தம் போட்டாள், அப்புறம் மெள்ளப் போய்வரட்டும் என்று விட்டுவிட்டாள். தாமரைக்குளத்தைத் தாண்டி, அய்யனார் கோயிலுக்குப் பின்னால், பாறையில் வெட்டிய படிகள் கொஞ்சம் ஏறினால் ஒரு குடைவு வரும். மேலே பாறை கூரையாக நிற்கும். கீழே வழவழவென்று படுக்கைகள் வெட்டியிருக்கும், தலைமாட்டில் தலையணையும் கல்லிலேயே செதுக்கியிருக்கும். ஒரு காலத்தில் சமண முனிவர்கள் படுத்தது என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தாள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே கல் சில்லென்று இருந்தது.

அம்மா ஒரு படுக்கையில் உட்கார்ந்து பார்த்தாள். சாய்ந்து பார்த்தாள். அப்புறம் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். இடது கையை மடக்கித் தலைக்குக் கொடுத்து, முழங்கால்களைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டாள். பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை. எதிரே, கைக்கு எட்டும் கடைசி தூரத்தில், பாறைச் சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னாள். வலது கையை நீட்டி, நடுவில் இருந்த வெற்றிடத்துக்கு மேலாக எட்டி வரைய ஆரம்பித்தாள்.

அன்று உச்சி வரைக்கும் அவள் எழுந்திருக்கவே இல்லை. இடுப்பு வலிக்கிறது என்று சொல்லவில்லை, கழுத்தைத் தேய்த்துக்கொள்ளவில்லை. கை மரத்துப்போகவும் இல்லை. அப்பா இத்தனை நாள் முட்டி மோதிச் செய்ய முடியாததை ஒரு பாறை செய்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாளும் போனோம். அதற்கு மறுநாள் அவள் எனக்காகக் காத்திருக்காமல் முன்னாலேயே படியேறிவிட்டாள். அங்கேதான் எனக்கு முதல் பயம் வந்தது. இந்த வேகத்தில் போனால் ஒரு நாள் இவள் கீழே இறங்கிவர மறந்துவிடுவாள் என்று தோன்றியது.

அவள் என்ன வரைந்தாள் என்று கேட்டால் சொல்வது கஷ்டம். தவளையும் இல்லை, செம்பருத்தியும் இல்லை. சின்னச் சின்னக் கோடுகள். ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே அளவில், ஒரே தாளகதியில், தாள் நிறையும் வரை. கை மேலே போகும், மெதுவாகக் கீழே வரும். மறுபடியும் மேலே போகும். பென்சில் தாளில் படுகிற சத்தம் குடைவுக்குள் கொஞ்சம் பெரிதாகக் கேட்கும். "என்னம்மா இது, மழையா?" என்றேன். "தெரியலை. கை போகுது" என்றாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தால் எனக்குக் கண் சொக்கும். தூங்கக் கூடாது என்று தொடையைக் கிள்ளிக்கொள்வேன்.

அந்த நடு இடம்தான் என்னைப் பாடாய்ப்படுத்தியது. கல்லில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், அங்கே மட்டும் கூடாது. தெரியாமல் ஒரு தடவை தாள் எடுக்கப்போய் அங்கே கை ஊன்றிவிட்டேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தள்ளினாள். என்னை அவள் அதுவரை தள்ளியதே இல்லை. "பாத்து வரமாட்டியா?" என்றாள். அந்தக் குரலும் அவள் குரலாக இல்லை. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு நாள், அவள் கவனம் தாளில் இருக்கும்போது, ஒரு வேப்பிலையை அந்த இடத்தில் மெள்ளப் போட்டேன். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கோடு போடுவதை நிறுத்தி, இரண்டு விரலால் இலையை எடுத்தாள். கல்லில் இருந்து எடுப்பது மாதிரி எடுக்கவில்லை. கல்லுக்குச் சற்று மேலே, விரல் எதன் மீதும் பட்டுவிடாதபடி எடுத்து அப்பால் போட்டாள்.

இன்னொன்றும் கண்டேன். அந்த இடத்தில் கல் நனைந்திருந்தது. ஊரே கிணற்றில் வாளி தட்டித் தண்ணீர் இறைக்கிற சித்திரை வெயில், பாறையில் ஒரு சொட்டு ஊற்று கிடையாது. ஆனாலும் அம்மா நெஞ்சுக்கு எதிரே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். தொட்டுப் பார்த்தேன், லேசாகப் பிசுபிசுத்தது. எறும்புகள் சாரையாக வந்து மொய்த்தன. அம்மா அதைப் பார்த்ததும் பதறிப்போனாள். முந்தானையால் தட்டித் தட்டி விரட்டினாள். "கடிச்சிரும், கடிச்சிரும்" என்றாள். யாரை என்று கேட்டேன். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

பூவையும் அவள் மலைக்கு வந்ததும் கழற்றிவிடுவாள். பெரியம்மா இறுக்கிக் கட்டியனுப்பிய துணியைத் திரும்பி உட்கார்ந்து அவிழ்த்து, சரத்தை எடுத்துப் பக்கத்துப் படுக்கையின் கல்தலையணையில் வைப்பாள். "நெஞ்சுல வலிக்குது. பெரியம்மாட்டச் சொல்லாத" என்பாள். நான் சொல்லவில்லை. சொல்லும்படி எனக்கு அதில் ஒன்றும் புரியவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தன் புதுக் கண்டுபிடிப்போடு வந்து சேர்ந்தார். படுத்தபடி வரைவதற்குத் தோதாக மடக்குக் கால் வைத்த பலகை. மலைக்கு எங்களோடு ஏறினார். கல்படுக்கையைப் பார்த்ததும் அம்மாவை மறந்துவிட்டார். "ஏ, லெவலப் பாரேன், ஒரு நூல் தப்பலையே" என்று தடவித் தடவிப் பார்த்தார். அப்புறம் அம்மா படுத்திருந்த விதம் கண்ணில் பட்டது. அவருக்கு அது பொறுக்கவில்லை.

"இப்படி எட்டி எட்டி வரைஞ்சா தோள்பட்டை என்னாத்துக்கு ஆகும்? பலகையக் கிட்டத்துல இழுத்து வைக்கணும்ல?" என்று சொல்லி, நடுவில் இருந்த இடத்தில் பலகையை வைக்கப்போனார். அம்மா தள்ளிவைத்தாள். அவர் மறுபடி இழுத்தார். அவள் மறுபடி தள்ளினாள். சரி, பலகை அங்கே கொள்ளுமா கொள்ளாதா என்று காட்டிவிடுகிறேன் என்று டேப்பை எடுத்தார். ஒரு முனையை அம்மாவின் மடக்கிய கைமுட்டியில் வைத்து, இன்னொரு முனையை அவள் மடக்கிய முழங்கால் வரை இழுத்தார். குனிந்து அளவைப் பார்த்தார்.

அளவை வாய்விட்டுச் சொல்லவில்லை. நாடா கையிலிருந்து நழுவி, கல்லில் கிறீச்சென்று ஓடி டப்பாவுக்குள் போய்விட்டது. எழுந்து போய் விளிம்பில் நின்று, கீழே தாமரைக்குளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் போய் "எவ்வளவுப்பா?" என்றேன். "ஒண்ணுமில்லடா" என்றார். புதுப் பலகையைத் தானே சுமந்துகொண்டு இறங்கினார். அதற்குப் பிறகு அவர் அம்மாவுக்காக எதுவும் செய்து கொண்டுவரவில்லை. பல வருஷம் கழித்துப் பெரியம்மா சொல்லித்தான் தெரியும், ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைத் துண்டில் சுற்றிய மூட்டையாக வாங்கித் தன் மடியிலேயே வைத்துச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனவர் அப்பா. எவ்வளவு தோண்டட்டும் என்று வெட்டியான் கேட்டதற்கு, பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்து சொன்னவரும் அவர்தான்.

இதற்கிடையில் மலை விஷயம் ஊருக்குள் வேறு மாதிரி பரவிவிட்டது. வெள்ளாடு மேய்க்கிற ஒரு பெரியவர் குடைவுப் பக்கம் வருவார். உச்சிப் பொழுதில் ஆளில்லாத இடத்தில் மல்லிகைப்பூ வாசம் அடிக்கிறது என்று அவர் முதலில் சொன்னபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒரு சாயந்திரம் கல்தலையணையில் வாடிய சரங்களைப் பார்த்துவிட்டார். ஒன்று இரண்டு அல்ல, ஒரு குவியல். இறங்கி வந்து கோயில் மரத்தடியில் சொன்னார். மோகினி என்றார்கள் சிலர். மலைக்கு மறுபுறம் பேச்சிப்பள்ளம் இருக்கிறது. பேச்சி, பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைப்பிள்ளைக்கும் காவல் நிற்கிறவள், கோபம் வந்தால் பிள்ளையைக் கேட்கிறவளும் அவள்தான். அவளுக்கு இந்த வருஷம் பொங்கல் வைக்கவில்லை, அதனால்தான் படுக்கை தேடி இங்கே வந்துவிட்டாள் என்று பெண்கள் முடிவு கட்டினார்கள். இதில் எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசியது பெரியம்மா. "அதான் எந்தங்கச்சி புள்ளைக்கும் ஆகலை" என்று ஒரே போடாகப் போட்டாள். அந்தப் பூவைக் காலையும் மாலையும் தன் கையாலேயே கட்டுகிறோம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. நான் வாயைத் திறந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எனக்கும் அதற்குள் அம்மா வைக்கிற பூ வேறு, பேச்சியின் பூ வேறு என்று ஆகிவிட்டது. அந்த நடு இடத்தில் படுத்திருக்கிறது யார் என்று ஒரு பெயர் கிடைத்துவிட்டது அல்லவா? அதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. பேச்சியை மலையிறக்கிவிட்டால் அம்மாவுக்கு அந்தக் கல் இல்லாமல் போகும். மறுபடி அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை உச்சி நேரத்துக்குப் படையல் என்று வைத்தார்கள். அம்மா அன்றும் விடியக்காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு மேலே போய்விட்டாள், அவளுக்கு ஊர்ப்பேச்சு எதுவும் காதில் ஏறுவதில்லை. வெயில் ஏற ஏற, கீழே பெண்கள் வரிசையாகப் படியேறி வருவது தெரிந்தது. பொங்கல் பானை, காதோலை, கருகமணி, தேங்காய். முன்னால் பெரியம்மா. நான் அம்மாவின் காலை உலுக்கினேன். "அம்மா, வாராங்க" என்றேன். அவள் அசையவில்லை. பென்சில் மேலே போனது, கீழே வந்தது.

குடைவுக்குள் நுழைந்த பெரியம்மா அப்படியே நின்றாள். பின்னால் வந்தவர்கள் அவள் மேல் முட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் முதலில் கல்தலையணையில் இருந்த சரத்தைப் பார்த்தாள். அன்று காலையில் அவள் கட்டிவிட்ட சரம், இன்னும் வாடாதது. அப்புறம் அம்மாவின் ஜாக்கெட்டில் இருந்த ஈரத்தைப் பார்த்தாள். அப்புறம் கல்லில் இருந்த ஈரம், மடக்கிய கை, மடக்கிய முழங்கால், நடுவில் விட்ட இடம். பின்னால் நின்ற ஒரு சின்னப் பெண், விஷயம் தெரியாமல், படையல் தொடங்கப்போகிறது என்று நாக்கைச் சுழற்றிக் குலவை போட வாயெடுத்தாள். பெரியம்மா திரும்பி அவள் வாயைக் கையால் பொத்தினாள்.

"குலவை போடாதீங்கடி" என்றாள், எனக்குக் கேட்டும் கேட்காத குரலில். "புள்ள முழிச்சிரும்."

அங்கே என்னைத் தவிரப் பிள்ளை யாரும் இல்லை. நானும் முழித்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் அத்தனை பெண்களும் அதை ஒப்புக்கொண்டார்கள். ஒருத்தி வளையலைக் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பானையைச் சத்தமில்லாமல் இறக்கினார்கள். தேங்காயை உடைக்கவில்லை. படையலை ஓரமாக வைத்து, ஒவ்வொருத்தியாக வந்து அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, நடு இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைசியாகப் போன ஒரு வயதான அம்மாள் குனிந்து, முந்தானை நுனியால் அந்த வெறுங்கல்லின் மேலிருந்த ஓர் ஈயை ஓட்டினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வளர்ந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒன்றைப் பார்க்கிறார்கள், எனக்கு மட்டும் அது தெரியவில்லை. பெரியம்மா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் தலையைக் கோதினாள். அம்மா வரைந்துகொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் மூக்கு வழியாக இறங்கிக் கல்தலையணையில் சொட்டியது.

எனக்குப் பிள்ளை பிறந்த அன்று, ஒரு நர்ஸம்மா என்னை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். "கைய மடக்கித் தலைக்குக் குடுங்க. முழங்கால மடக்கிக்கங்க. இப்ப நடுவுல இடம் வந்துருச்சா?" என்றாள். பிள்ளையை அந்த இடத்தில் கிடத்தி, முதுகில் மெள்ளத் தட்டச் சொன்னாள். தட்ட ஆரம்பித்தேன். கை மேலே போய்க் கீழே வந்தது. அந்தத் தாளகதி எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூ கட்டுவார்கள் என்பதையும் அந்த ஆஸ்பத்திரியில்தான், பக்கத்துக் கட்டிலில் வெறுங்கையோடு இருந்த ஒருத்திக்கு அவள் அம்மா பூ வாங்கிவந்தபோது, தெரிந்துகொண்டேன். நான் என் மகளை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டேன்.

அந்தக் கோடை அப்புறம் சாதாரணமாகத்தான் முடிந்தது. பெரியம்மா பூக் கட்டுவதை விட்டுவிட்டாள். தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்து படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். குடைவுப் பக்கம் வேறு யாரும் வரவில்லை, ஆடுகளைக்கூட அந்தப் பெரியவர் சுற்றுவழியாக ஓட்டினார். கல்லில் ஈரம் குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் காய்ந்துபோயிருந்தது. எறும்பும் வரவில்லை. அம்மா அந்தக் காய்ந்த இடத்தை ரொம்ப நேரம் தடவிப் பார்த்தாள்.

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போது கடைசியாக ஏறினோம். அம்மா படுத்தாள். பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு நான் வழக்கம்போல் தள்ளிப்போய் உட்கார்ந்தேன். அவள் பென்சிலை எடுக்கவில்லை.

"இங்கன வா" என்றாள், நடு இடத்தைக் காட்டி.

நான் வரமாட்டேன் என்றேன். பயமாக இருந்தது. அவள் கையை நீட்டினாள். எழுந்துபோய், கல்லில் எதன் மீதும் பட்டுவிடாதபடி மெள்ள மெள்ள உட்கார்ந்து, அப்புறம் படுத்தேன். இடம் பற்றவில்லை. என் கால் அவள் முழங்காலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, தலை அவள் தாடையில் இடித்தது. அவள் இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து இடம் விட்டாள். விலாவுக்குக் கீழே கல் சில்லென்று இருந்தது. அவள் கை என் மேலாகத் தாளுக்குப் போய், எட்டாமல், என் முதுகில் இறங்கியது. மெள்ளத் தட்ட ஆரம்பித்தாள். எத்தனையோ நாளாக எனக்கு மறுக்கப்பட்ட இடம் எனக்கே கிடைத்துவிட்டது என்று பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டுவது நின்றது. அம்மா தலையைத் தூக்கி என்னை உச்சி முதல் கால் வரை பார்த்தாள். அடையாளம் தெரியாதவர்களைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இம்புட்டுப் பெருசா வளந்துட்டியே" என்றாள். "எப்ப வளந்த?"

"நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தப்ப" என்றேன் நான்.

அவள் என்னைத்தான் கேட்டாள் என்பதில் எனக்கு அன்று துளிச் சந்தேகமும் இல்லை.